முதல் நாளுக்காகப் போகலாம்: கோலாலம்பூரில் ஒரு மருத்துவக் கல்வி ஆராய்ச்சிப் பயிலரங்கு

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் தங்கள் கற்பித்தலையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளப் பழக்கும் பயிலரங்குகள் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வப்போது நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். வார இறுதியில் இரண்டு நாள் நேரடி வகுப்பு, அதன்பின் ஆறு மாதம் இணையவழி வழிகாட்டுதல் என்பது அதன் அமைப்பு. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதாலும், இதே குறைகள் இத்தகைய பிற பயிலரங்குகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதாலும் நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் ஒன்றே கட்டணத்துக்கு ஈடானது, இரண்டாம் நாளைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை, ஆறு மாத வழிகாட்டுதலை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம்.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தனியார் மருத்துவக் கல்லூரி விரிவுரையாளர்கள். அவர்களுடைய கட்டணத்தை அந்தந்தக் கல்லூரி எச்ஆர்டி லெவியிலிருந்து (ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் நிதி) கோரிக்கொள்ளும் என்பதால் விலையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. சொந்தப் பணம் கட்டி வந்த இரண்டொருவர் மட்டும் கையேட்டின் பக்கங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடலியல், மருந்தியல் போன்ற அடிப்படைத் துறையினரும், அறுவைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய துறைகளின் மருத்துவர்களும் கலந்து உட்கார வைக்கப்பட்டிருந்தது நல்ல ஏற்பாடு. எங்கள் மேசையில் நால்வருமே தமிழர்களாக அமைந்துவிட்டதால் குழுப் பணி முழுவதும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே நடந்தது. அவர்களில் இருவர் தமிழ்நாட்டிலிருந்து பணிக்கு வந்தவர்கள். இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் பதவி உயர்வுக்கு மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சியையும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியையும் கட்டாயமாக்கியிருப்பதால், இத்தகைய வகுப்புகள் அவர்களுக்குப் புதியவை அல்ல. சான்றிதழுக்காக உட்கார்வது எப்படி என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

முதல் நாள் காலையில் வழிநடத்திய பேராசிரியை விரிவுரை எதையும் தொடங்கவில்லை. ஆளுக்கு ஒரு சிறு மஞ்சள் தாளைக் கொடுத்து, இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும் அதைப் பற்றி ஏன் ஓர் ஆய்வு கூடச் செய்யவில்லை என்று பெயர் எழுதாமல் எழுதித் தரச் சொன்னார். தாள்கள் சுவரில் ஒட்டப்பட்டன. நேரமில்லை என்பது எதிர்பார்த்தபடியே அதிகம் வந்தது. புள்ளியியல் தெரியாது என்பதும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் படிவங்களைப் பார்த்தாலே அலுப்பு என்பதும், மாணவர்கள் ஏற்கெனவே கருத்துக் கேட்புப் படிவங்களால் சலித்துப் போயிருக்கிறார்கள் என்பதும் அடுத்து வந்தன. ‘இது உண்மையில் ஆராய்ச்சிதானா?’ என்று கேள்வியாகவே எழுதியிருந்தார் ஒருவர். இன்னொருவரின் தாளில் ‘என் பாடம் சரியில்லை என்று நானே நிரூபித்துவிட்டால் என்ன செய்வது?’ என்றிருந்தது.

மருத்துவ ஆசிரியர்களின் மனப்பான்மையைப் பற்றி இரண்டு நாளில் வெளிப்பட்டவற்றுள் ஆக நேர்மையானது அந்த வரிதான் என்பது என் கருத்து. மருந்து ஒன்றைச் சோதிக்கும் மருத்துவர், மருந்து தோற்றால் மருந்தின் மீது பழி போடலாம். தன் கற்பித்தலைச் சோதிக்கும் ஆசிரியர் தோற்றால், தோற்றது அவரே ஆகிவிடுகிறார். அந்த முடிவைத் துறைத் தலைவர் படிப்பார், ஆண்டு மதிப்பீட்டில் யாராவது அதை எடுத்து வைப்பார் என்ற அச்சம் நியாயமானது. மற்றத் தாள்களை வகை பிரித்து நீண்ட நேரம் பேசிய பேராசிரியை, இந்தத் தாளின் முன் சற்று நின்று, ‘இது முக்கியமானது, பிறகு வருவோம்’ என்றார். இரண்டு நாளிலும் அதற்குத் திரும்பி வரவில்லை. பயிலரங்கின் எஞ்சிய பகுதி முழுவதும், நேரமின்மை, புள்ளியியல் என்ற இரண்டு காரணங்களுக்கான தீர்வாகவே அமைந்திருந்தது. இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல விரும்பும் பெரிய குறை இதுதான்: ஆசிரியர்களிடம் திறன் குறைவு என்று நினைத்து வடிவமைக்கப்பட்ட வகுப்பு, அவர்களிடம் இருப்பது தயக்கம் என்பதைக் கண்ணெதிரே எழுதி ஒட்டிவிட்டும் கடந்து போய்விட்டது.

‘இது ஆராய்ச்சிதானா?’ என்ற கேள்விக்கு மட்டும் நல்ல பதில் கிடைத்தது. எங்கள் மேசையிலிருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் அதே கேள்வியை எழுந்து நின்று கேட்டபோது, பேராசிரியை கோட்பாடுகளுக்குள் போகாமல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக்குப் போனார். ஒரே நோயாளியை நீண்ட நேரம் பரிசோதிக்க வைக்கும் பழைய தேர்வு முறையில் ஒரு மாணவனுக்கு எளிய நோயாளியும் இன்னொருவனுக்குக் கடினமான நோயாளியும், ஒருவனுக்குக் கடுமையான தேர்வாளரும் மற்றவனுக்குத் தாராளமான தேர்வாளரும் வாய்ப்பதைக் கண்டு, ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரைதான் இன்று நாம் எல்லோரும் நடத்தும் ஆஸ்கி தேர்வின் (எல்லா மாணவர்களும் ஒரே நிலையங்களைச் சுற்றி வந்து ஒரே பணிகளைச் செய்து காட்டும் முறை) தொடக்கம் என்று விளக்கினார். ஒரு மருத்துவ ஆசிரியருக்குத் தன் தேர்வின் மீது வந்த அதிருப்திதான் அங்கே ஆராய்ச்சிக் கேள்வியானது. தாம் தேர்வாளராக நிற்கும் ஆஸ்கியே ஒரு கல்வி ஆராய்ச்சியின் விளைவு என்பது அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு அன்றுவரை தோன்றியதில்லை. அதன்பின் அவர் குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

முதல் நாள் பிற்பகல்தான் இந்தப் பயிலரங்கின் சிறந்த பகுதி. டேவிட் குக், ஜார்ஜ் போர்டாஜ், ஹென்க் ஷ்மிட் ஆகியோர் 2008 இல் முன்வைத்த வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு, கல்வி ஆய்வுகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். என்ன செய்தோம் என்று விவரிப்பவை ஒரு வகை. செய்தது பலன் தந்ததா என்று நிறுவ முயல்பவை இரண்டாம் வகை. எப்படி, ஏன் பலன் தருகிறது என்று விளக்க முயல்பவை மூன்றாம் வகை. குக்கும் சகாக்களும் அலசிய 105 சோதனை ஆய்வுகளில் 75 இரண்டாம் வகையாகவும், 13 மட்டுமே மூன்றாம் வகையாகவும் இருந்தன. இதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மேசையும் தன் கேள்வியை இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு மாற்றி எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதற்கே கொடுத்தது துணிச்சலான முடிவு.

எங்கள் மேசையின் முதல் கேள்வி எல்லோரும் எழுதக்கூடியதுதான்: தகவல் தொடர்புத் திறன் வகுப்பு மாணவர்களின் நோயாளி உரையாடலை மேம்படுத்துகிறதா? பாடம் நடத்திய பின், நடத்துவதற்கு முன்பிருந்ததைவிட மதிப்பெண் கூடத்தான் செய்யும். அதை நிரூபிக்க ஓர் ஆய்வு எதற்கு என்று வழிகாட்டி கேட்டார். பிறகு எங்களுக்குள் பேச்சு உண்மையான சிக்கலுக்கு நகர்ந்தது. இங்கே தனியார் கல்லூரிகளில் நோயாளியிடம் பேசும் முறையை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுக்கிறோம். பயிற்சிக்காக நோயாளியாக நடிப்பவர்களும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் அரசு மருத்துவமனை வார்டுக்குப் போனதும், அங்கே படுத்திருப்பவர் மலாயில் பேசுகிறார், அல்லது கண்டனீஸிலோ ஹொக்கியனிலோ பேசுகிறார், அல்லது தோட்டத்திலிருந்து வந்த பாட்டியாக இருந்து தமிழில் மட்டுமே பேசுகிறார். ஆங்கிலத்தில் ‘உங்கள் கவலை என்ன?’ என்று அழகாகக் கேட்கும் மாணவி, மலாயில் வலி எங்கே, எத்தனை நாளாக என்ற இரண்டு கேள்வியோடு நின்றுவிடுகிறாள். குழந்தை மருத்துவரான சகோதரி ஒருவர், தமிழ் மாணவர்களே தமிழ் நோயாளியிடம் தடுமாறுகிறார்கள் என்றார். வீட்டில் பேசும் தமிழில் நோயைப் பற்றிக் கேட்பதற்கான மரியாதையான சொற்கள் அவர்களிடம் இல்லை என்பது அவருடைய அனுமானம். மாலைக்குள் எங்கள் கேள்வி இப்படி மாறியிருந்தது: ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற மாணவர், வேறொரு மொழியில் நோய் வரலாறு கேட்கும்போது கற்றவற்றில் எவற்றைக் கைவிடுகிறார், எவற்றைத் தக்கவைக்கிறார், அந்தக் கணத்தில் அவர் எதை முன்னிட்டு அப்படித் தேர்ந்தெடுக்கிறார்? மருத்துவக் கல்வியில் இவ்வளவு ஆண்டுகள் இருந்த எங்களில் யாரும் இந்தக் கேள்வியை அதற்கு முன் வாய்விட்டுக் கேட்டதில்லை.

நெறிமுறை பற்றிய அமர்வும் பாராட்டுக்குரியது. நெறிமுறைக் குழுவில் பணியாற்றும் ஒருவர் வந்து பேசினார். தன் மாணவர்களிடமே படிவம் நீட்டும் ஆசிரியருக்கு ‘விருப்பமிருந்தால் நிரப்புங்கள்’ என்று சொல்லும் உரிமை உண்மையில் இல்லை, ஏனெனில் மதிப்பெண் போடுகிறவர் கேட்டால் மாணவருக்கு மறுக்கும் துணிவு வராது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். தரவைச் சேகரிப்பது பாடத்தில் தொடர்பில்லாத வேறொருவராக இருக்க வேண்டும்; முடிந்தால் தேர்வு முடிவு வெளியான பிறகு சேகரிக்க வேண்டும்; ஒப்புக்கொண்டவர் யார், மறுத்தவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே இருக்க வேண்டும். உள்ளூருக்கே உரிய ஒரு நுணுக்கத்தையும் அவர் நினைவூட்டினார். கல்லூரியின் ஒப்புதல் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் ஆய்வு சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடக்கிறது என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெற்றாக வேண்டும். எங்கள் மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சி பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது என்பதால் இது வெறும் தகவல் அல்ல. ஓர் ஆய்வின் கால அட்டவணையையே மாற்றக்கூடியது.

சாப்பாடு நன்றாக இருந்தது. சைவத்துக்குத் தனி மேசை வைத்திருந்தார்கள். மண்டபத்தின் குளிரூட்டியை மட்டும் யாரும் கட்டுப்படுத்த முடியவில்லை. பாத்தேக் சட்டை அணிந்து வந்தவர்கள் மதியத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் வேறொருவர் கைக்குப் போனது. பயிலரங்கின் தரமும் இறங்கியது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன அட்டவணை வரும் என்பதே பாதி நாள். குரோன்பாக் ஆல்ஃபா 0.7 ஐத் தாண்டினால் வினாநிரல் செல்லுபடியாகும் என்று திரையில் எழுதிக் காட்டியதை நான் ஏற்கவில்லை. லீ குரோன்பாக் 1951 இல் விவரித்த அந்த எண், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையே சொல்லும். அவை அளக்க வேண்டியதை அளக்கின்றனவா என்பதைச் சொல்லாது. ஒரே வினாவைச் சொல் மாற்றி ஐந்து முறை கேட்டாலும் ஆல்ஃபா உயரும்; வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே உயரும். மருத்துவர்கள் நிறைந்த அரங்கில் இந்தப் பிழை கேள்வியின்றிக் கடந்துபோனது வருத்தம் தந்தது. ஆய்வகப் பரிசோதனை ஒன்று ஒரே தவறான எண்ணைத் திரும்பத் திரும்பத் தந்தால் அதைச் சரியான பரிசோதனை என்று ஏற்காதவர்கள், வினாநிரலுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

எண்களை விட்டு மனிதர்களின் சொற்களையும் செயல்களையும் ஆராயும் பண்புசார் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது மதிய உணவுக்குப் பிந்தைய அரைத்தூக்க நேரம். முதல் நாள் உருவான கேள்விகளில் பாதிக்கு மேல் நேர்காணலும் உற்றுநோக்கலும் தேவைப்படுபவை. எங்கள் கேள்வியும் அப்படித்தான். ஆனால் வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006 இல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வின் (பேட்டிகளில் திரும்ப வரும் கருத்துகளைத் தொகுக்கும் முறை) ஆறு படிநிலைகளை ஒரே திரையில் காட்டிவிட்டு முடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரைப் பேட்டி கண்டு எழுதினால் எந்த இதழ் ஏற்கும் என்று அறுவைச் சிகிச்சை மருத்துவர் கேட்டார். மாதிரியின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடப் பழகிய மருத்துவருக்கு அது மிக இயல்பான ஐயம்; அவருடைய மனத்தடையே அதில்தான் இருந்தது. ‘நிறைவுநிலை வரும்வரை பேட்டி காணுங்கள்’, அதாவது புதிதாக எதுவும் வெளிவராத கட்டம்வரை, என்ற ஒற்றைப் பதிலோடு அமர்வு முடிந்தது. முதல் நாள் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டதைப் பார்த்தேன். (பிரவுனும் கிளார்க்குமே நிறைவுநிலை என்ற கருத்தைத் தங்கள் முறைக்குப் பொருந்தாது என்று பின்னர் மறுத்து எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

எடுத்துக்காட்டுகள் எல்லாம் மெக்மாஸ்டர், மாஸ்டிரிக்ட், டண்டீ என்று கடல் கடந்தே இருந்ததும் ஒரு குறை. ஒரு நோயாளியின் பிரச்சினையிலிருந்து தொடங்கிக் கற்கும் பிரச்சினைவழிக் கற்றலை இந்த நாட்டில் முன்னெடுத்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 1979 இல் பினாங்கில் தொடங்கிப் பின்னர் கிளந்தானின் குபாங் கெரியானுக்குப் போனது. அங்கே மருத்துவக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. எஜுகேஷன் இன் மெடிசின் ஜர்னல் என்ற இதழும் அங்கிருந்து வருகிறது. புக்கிட் ஜாலிலில் உள்ள ஐஎம்யு பல்கலைக்கழகம் மருத்துவக் கல்வி மாநாடுகளை நடத்திவருகிறது. முதல் கட்டுரையை எங்கே அனுப்பலாம் என்று தயங்கும் விரிவுரையாளருக்கு இவற்றைச் சொல்லாமல் உலகின் முதல் நிலை இதழ்களின் பெயர்களை மட்டும் அடுக்கியது, அவருடைய தயக்கத்தைக் கூட்டியிருக்கும்.

டொனால்ட் கிர்க்பேட்ரிக்கின் நான்கு நிலை மதிப்பீட்டையும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் மகிழ்ந்தாரா என்பது முதல் நிலை, கற்றாரா என்பது இரண்டாவது, பணியிடத்தில் நடத்தை மாறியதா என்பது மூன்றாவது, நிறுவனத்துக்கு விளைவு உண்டானதா என்பது நான்காவது. முதல் நிலையோடு நிற்கும் ஆய்வுகள் பயனற்றவை என்று எங்களைக் கடிந்துகொண்டவர்கள், இரண்டாம் நாள் மாலை எங்களிடம் நீட்டியது ஐந்து புள்ளி மகிழ்ச்சிப் படிவம். கல்வி ஆராய்ச்சி முக்கியமானது என்று நினைக்கிறீர்களா, செய்ய ஆர்வமாக இருக்கிறீர்களா என்று முதல் நாள் காலையில் கேட்டதையே மீண்டும் கேட்டு, சராசரி கூடிவிட்டதாக அங்கேயே திரையில் காட்டிக் கைதட்டினார்கள். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். முக்கியம் என்று ஒப்புக்கொள்வதற்கு யாருக்கும் செலவில்லை; காலையிலேயே பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுதான் இருந்தார்கள். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள்கள் சொன்னது வேறு. ஆசிரியர்களின் மனப்பான்மையை அளக்க அந்தத் தாள்களே படிவத்தைவிட நல்ல கருவி. அவற்றை விடுதி ஊழியர்கள் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

ஆறு மாத வழிகாட்டுதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதலில் மின்னஞ்சலுக்கு விரைவாகவும் பயனுள்ளதாகவும் பதில் வந்தது. எங்கள் கேள்வியில் ‘மொழி’ என்பதை எப்படி வரையறுப்பீர்கள் என்று கேட்டிருந்தார் வழிகாட்டி; நல்ல கேள்வி. பிறகு அவர் மாற்றப்பட்டார். அடுத்து வந்தவர் எங்கள் முன்மொழிவைப் படிக்காமலே மாதிரி எண்ணிக்கையைக் கணக்கிட்டு அனுப்பச் சொன்னார். அதன்பின் இரு தரப்பிலும் கடிதம் நின்றுபோனது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்களுக்காக நடக்கும் ஃபைமர் ஃபெல்லோஷிப் என்ற பயிற்சியை இதோடு ஒப்பிட்டார் எங்கள் மேசைக்காரர் ஒருவர். அது இரண்டு ஆண்டுகள் நீள்வது. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கல்லூரியில் ஒரு திட்டத்தைச் செய்து முடிக்க வேண்டும். இடையில் மின்னஞ்சல் குழுவில் சக ஃபெல்லோக்களே ஒருவரையொருவர் விடாமல் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வார்கள். இரண்டு நாளில் அதை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் சக பங்கேற்பாளர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, மாதம் ஒரு மேசை தன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், எந்தப் பயிலரங்கும் தீர்க்க முடியாத ஒரு பகுதியும் இதில் உண்டு. எங்கள் கல்லூரிகளின் கேபிஐ (பணித்திறனை அளக்கும் குறியீடு) பட்டியலில் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு ஈட்டிய மானியத்தின் ரிங்கிட் மதிப்பும் இருக்கிறது. கல்வி ஆராய்ச்சிக்கு ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். பெரிய மானியம் கேட்க அதில் வழியில்லை. மலிவாக முடியும் என்பதாலேயே அது மதிப்பெண் பெறாமல் போகிறது. கற்பித்தலும் புலமையின் ஒரு வடிவமே என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990 இல் வாதிட்டதை முதல் நாள் பேராசிரியை மேற்கோள் காட்டியபோது எல்லோரும் தலையசைத்தோம். ஆனால் தலையசைத்தவர்களில் பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர் ஒருவரும் இல்லை. அடுத்த முறை துறைத் தலைவர்களையும் டீன்களையும் அரை நாளாவது அழைத்து உட்கார வைப்பது, எஸ்பிஎஸ்எஸ் பாடத்தைவிட அதிகப் பலன் தரும்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தனியாகப் போகாதீர்கள், ஒரே துறையிலிருந்து இரண்டு அல்லது மூன்று பேராகப் போங்கள், ஏனெனில் முதல் நாள் உருவாகும் கேள்வியைத் திரும்பி வந்தபின் உயிரோடு வைத்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். ஏற்கெனவே ஒரு கல்வி ஆய்வையாவது வெளியிட்டவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இல்லை. புள்ளியியல் கற்க வேண்டுமென்றால் உங்கள் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் ஒருவரைப் பிடித்து உட்காருங்கள். பதிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஆறு மாதத்துக்கும் வழிகாட்டி யார் என்பதைப் பெயரோடு எழுத்தில் கேளுங்கள். சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் ஆய்வை முடித்தார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் கேட்டபோது, அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை என்று ஏற்பாட்டாளர் பதில் எழுதினார்.